மேல்வீடு, கீழ்வீடு

காலையில் ஏணி ஏறினால் சாப்பாட்டு வேளைக்குத்தான் இறங்குவார் என்பதால் அவருக்கு ‘மேல்வீட்டுக்காரர்’ என்று பெயர் விழுந்தது. வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் பட்டப்பெயர்கள் ஜல்லி லோடு மாதிரி. யாரோ கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள், அப்புறம் அது அங்கேயே கிடக்கும். அவருடைய வீடு என்பது டவர் கிரேனின் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடி கேபின். ஒரு நாற்காலி, இரண்டு பக்கமும் கைப்பிடிகள், ஒரு தண்ணீர் பாட்டில், கண்ணாடி துடைக்க ஒரு பழைய பனியன். வாடகை கிடையாது, அண்டை வீட்டுச் சத்தம் கிடையாது.

மேல்வீடு என்று ஒன்று இருந்தால் கீழ்வீடு வேண்டுமே. அது அவருடைய மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. சுமை எங்கே இறங்குகிறதோ அங்கே நின்று கையால் சைகை காட்டுவது அவன் வேலை. வாக்கிடாக்கி இருந்தது. ஆனால் அதில் ஊரே பேசும். கான்கிரீட்காரர் லாரியைக் கூப்பிடுவார், லாரிக்காரர் டீயைக் கூப்பிடுவார். இவர்கள் இருவருக்கும் கைதான் பாஷை.

மெதுவாக இறக்கு என்றால் கையைத் தாழ்த்தி, சுட்டுவிரலைத் தரையைப் பார்த்துச் சின்னதாகச் சுற்ற வேண்டும். நிறுத்து என்றால் கையைப் பக்கவாட்டில் முழுசாக நீட்டி வீச வேண்டும். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், மச்சினனும் ஆரம்பத்தில் அப்படித்தான் காட்டினான். போகப் போகத் தோள் முழங்கையாகி, முழங்கை மணிக்கட்டாகி, மணிக்கட்டு விரலாகத் தேய்ந்துவிட்டது. அதற்கும் குறை இல்லை. சைகை தொடங்கும்போதே மேலே கைப்பிடி நகர்ந்துவிடும். சில சமயம் தொடங்குவதற்கு முன்னாலேயே நகர்ந்துவிடும். “இவங்களுக்குக் கை எதுக்கு, கண்ணடிச்சாலே போதும்” என்று மற்ற கிரேன்காரர்கள் வயிறெரிந்தார்கள். மேல்வீட்டுக்காரருக்கு அதில் ரகசியமாக ஒரு பெருமை.

ஒரே ஒரு விதி மட்டும் தேயவில்லை. சுமை தொங்கும்போது ஒருவர் சைகையைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் ‘நிறுத்து’ என்பதை யார் காட்டினாலும் நிறுத்த வேண்டும். டீ கொண்டுவருபவர் காட்டினாலும் சரி. ஏன், எதற்கு என்பதெல்லாம் அப்புறம்.

ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் மொட்டைமாடிக்கு ஏசி இயந்திரம் ஏற்றிய அன்று எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. ஒரு சின்ன அறை அளவுக்கு இரும்புப் பெட்டி. மாடியில் மச்சினன், வாயில் விசில். பெட்டி கைப்பிடிச் சுவரைத் தாண்டி உள்ளே வந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே வந்து இறங்கியிருக்க வேண்டும். அதற்கு முன்பே இறங்கியது. பெட்டியின் மூலை சுவரில் மோதி, சுவர் உடைந்து, செங்கல் மாடியில் சிதறியது. மச்சினன் எகிறிக் குதித்தான். முழங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று. அவன் நின்ற இடத்தில் பெட்டி வந்து உட்கார்ந்தது.

கம்பெனி அதைச் சீக்கிரமே மறந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை, சுவரைக் கட்டியாகிவிட்டது, பெட்டியின் நசுங்கலைத் தட்டி எடுத்தாகிவிட்டது. இனிமேல் இரண்டு பேரும் கவனம் என்று சூப்பர்வைசர் பொதுவாக ஒரு குட்டுக் குட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். அங்கே முடிந்திருக்க வேண்டியது.

“நீ இறக்குன்னு காட்டினே.”

“நான் நிறுத்துன்னு காட்டினேன்.”

இதுதான் மொத்த வழக்கும். வாரக்கணக்கில் ஓடியது.

கேன்டீனில் கட்சி பிரிந்தது. மேல்வீட்டுக் கட்சிக்கு வெல்டர் தலைவர். கீழ்வீட்டுக் கட்சிக்குப் பெயின்டர்கள் மொத்தமும். சம்பவத்தைப் பார்த்தவர் ஒருவர்கூடக் கிடையாது என்பது யாருக்கும் தடையாக இல்லை. பார்த்திருந்தால்தான் இத்தனை தெளிவாகப் பேசியிருக்க முடியாது. மேல்வீட்டுக்காரர் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் காட்சிக்கு மெருகு ஏறியது. முதலில் “கையைக் கீழ காட்டின மாதிரி இருந்துச்சு” என்றார். பிறகு “காட்டினான்” ஆயிற்று. பிறகு “மஞ்சள் கையுறை, வலது கை, விரல் ரெண்டு சுத்து சுத்துச்சு” என்ற இடத்துக்கு வந்து நின்றது. அவருக்கே அது கண்முன் தெரிந்தது. கண்ணை மூடினால் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

வீட்டிலும் அவர் உட்காரவில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடி சுவர், தீப்பெட்டி ஏசி பெட்டி, கரண்டி மச்சினன். தீப்பெட்டியை நூலில் கட்டித் தூக்குவார், இறக்குவார், கரண்டியைத் திருப்பி வைப்பார், எழுந்து பால்கனிக்குப் போவார், திரும்பி வந்து மறுபடி தூக்குவார்.

“அந்தக் கரண்டி எனக்கு வேணும்” என்பாள் மனைவி. “சாம்பார் ஊத்தணும்.”

“இரு, ஒரு நிமிஷம். இப்ப நீ அங்கேர்ந்து பாரு. உனக்கு என்ன தெரியுது?”

“சாம்பார் ஆறிப்போறது தெரியுது.”

அவள் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை செய்தாள். நாள் முழுக்க மற்றவர்களின் அழுக்கைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து வந்தவளுக்கு வீட்டிலும் அதே வேலையா என்று இருந்தது. தம்பி இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் தனியாக இருந்தான். சம்பவத்துக்கு முன்பு வரை ராத்திரிச் சாப்பாடு இங்கேதான். இப்போது வருவதில்லை. ஆனாலும் அவள் மூன்று தட்டு எடுத்து வைப்பாள், சாப்பிட்ட பிறகு மூன்றையும் கழுவுவாள். அவர் அதைப் பார்ப்பார். பார்க்காத மாதிரி தீப்பெட்டியைத் தூக்குவார்.

வழக்கு பேசிக்கொண்டிருக்கும்வரை ஒரு வசதி இருந்தது. பெட்டி எந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது, அங்கே ஒரு நொடி முன்பு யார் நின்றுகொண்டிருந்தது என்பதைப் பேச வேண்டியதில்லை. அந்த எண்ணம் தலையைத் தூக்கும்போதெல்லாம் அவருக்குக் கால் பரபரக்கும். எழுந்து நடந்து, “மஞ்சள் கையுறை, ரெண்டு சுத்து” என்று ஆரம்பித்துவிடுவார்.

பிறகு ஒரு நாள் அவர் ஜெயித்துவிட்டார்.

கேன்டீனில் மச்சினன் தன் பக்கத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். “கையுறை போட்ட கையை இவ்வளவு அகலம் விரிச்சேன். நிறுத்து, நிறுத்துன்னு தொண்டை கிழியக் கத்தினேன். மாமாவுக்குக் கேக்கல.”

மேல்வீட்டுக்காரர் டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினார். “மச்சான், ஒரு சந்தேகம். சுவர் இடியற வரைக்கும் விசில் சத்தம் கேட்டுச்சே, அது யாரோட வாய்?”

விசில் சத்தம் எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. அதில் சந்தேகமே இல்லை.

“விசிலை வாயில வச்சுக்கிட்டே கத்தினியா? எங்க, கத்திக் காட்டு பாப்போம்.”

வெல்டர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். பெயின்டர்களில் இரண்டு பேர்கூடச் சிரித்துவிட்டார்கள். யாரோ ஒரு விசிலை உருட்டிவிட்டார்கள். மச்சினன் அதை எடுத்து, பார்த்து, மேஜையில் வைத்தான். தட்டில் பாதிச் சாப்பாடு இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனான்.

அன்று மாலை மேல்வீட்டுக்காரர் ஏணியில் இறங்கும்போது கால் லேசாக இருந்தது. வீட்டு வாசல் வரைதான். உள்ளே மனைவி கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

“தம்பி போன் பண்ணான். துறைமுகத்து வேலைக்கு மாத்திக் கேட்டுட்டானாம். ஞாயித்துக்கிழமை கெளம்பறான்.”

“துறைமுகமா? ஒரு நாள் பூரா பஸ்ல போகணுமே.”

“ஆமா. விசில் சத்தம் கேக்காத தூரம்.”

மறுநாள் காலை சூப்பர்வைசர் மாடிக்குப் புதிதாக ஒருவரை அனுப்பியிருந்தார். கேன்டீன் அவருக்கு ‘புதுசு’ என்று பெயர் வைத்தது. புதுசின் சைகைகளில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தோளிலிருந்து நீளும் கை, தெளிவான விரல். ஆனால் ஒவ்வொரு சைகைக்கும் மேல்வீட்டுக்காரர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார். கைப்பிடியில் கை வியர்த்தது. பனியனில் துடைத்துக்கொண்டார், மறுபடி வியர்த்தது. மச்சினன் முற்றத்தில் லாரி இறக்கும் வேலையில் இருந்தான். மேலேயிருந்து பார்த்தால் அவன் ஒரு மஞ்சள் தலைக்கவசம். எத்தனையோ மஞ்சள் தலைக்கவசங்கள் இருந்தும் அவருக்கு அது ஒன்றுதான் கண்ணில் பட்டுத் தொலைந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவி அவரை இழுத்துக்கொண்டு தம்பியின் அறைக்குப் போனாள். வழியெல்லாம் ஒரே பாடம். “போறோம், சாப்பிட வாடான்னு கூப்பிடறீங்க, போகாதடான்னு சொல்றீங்க. அவ்வளவுதான். விசில், கையுறை, சுவர் எதுவும் வரக்கூடாது.”

“நான் எதுக்கு அதையெல்லாம் எடுக்கப் போறேன்?”

அறையில் பாதி நிரம்பிய பை கட்டிலில் கிடந்தது. மச்சினன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான். நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளிவிட்டு, “உக்காருங்க மாமா” என்றான். இவர் உட்காரவில்லை. ஜன்னல்வரை போய்த் திரும்பினார்.

“போகாதடா மச்சான். பழசை விட்டுடுவோம்.”

“விட்டாச்சு மாமா. நான் எப்பவோ விட்டுட்டேன்.”

“அப்புறம் என்ன? நான்தான் பெரியவன். சரி, தப்பு என்னோடதுன்னே வச்சுக்குவோம்.”

மச்சினனின் கையில் சட்டை அப்படியே நின்றது. “வச்சுக்குவோமா?”

“ஆமா, வச்சுக்குவோம்.”

“அப்போ உண்மையில உங்க தப்பு இல்ல. எனக்காக வச்சுக்கறீங்க.”

“ஏன்டா, நான் எறங்கி வந்து பேசறேன்…”

“நீங்க எறங்கறதுதான் மாமா பிரச்சனையே. அன்னிக்கும் அவசரப்பட்டுத்தான் எறக்கினீங்க.”

“நீ காட்டினே, எறக்கினேன்!”

“நான் நிறுத்துன்னு…”

மனைவி எழுந்து கதவைத் திறந்தாள். “பக்கத்து ரூம்காரங்களுக்கும் கேக்கட்டும். பாவம், அவங்க இன்னும் எந்தக் கட்சியிலயும் சேரல.”

திரும்பும்போது தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அவர் இரண்டடி முன்னால் போவதும், நின்று அவளுக்காகக் காத்திருப்பதும், மறுபடி முன்னால் போவதுமாக இருந்தார். கை தானாகக் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது.

“அந்தக் கையுறை” என்றாள் அவள்.

“எந்தக் கையுறை?”

“மஞ்சள் கையுறை. நீங்க பார்த்தது. அன்னிக்கு அது நம்ம வீட்டுக் கொடியில இருந்துச்சு.”

அவர் நின்றார்.

“கிரீஸ் கறை. அதுக்கு முந்தின நாள் சாப்பிட வந்தப்ப குடுத்துட்டுப் போனான். ரெண்டு தடவை ஊற வச்சும் போகல. நீங்க அன்னிக்கு வந்து பால்கனியில நின்னுக்கிட்டு, கை ஆடுச்சு ஆடுச்சுன்னு எங்கிட்ட சொன்னீங்க பாருங்க, அப்ப அந்தக் கையுறை உங்க தலைக்கு மேல ஆடிட்டு இருந்துச்சு. இப்பவும் பீரோவுலதான் இருக்கு.”

“அவனும் கையுறை போட்ட கைன்னுதானே சொல்றான்?”

“அதான். ரெண்டு பேரும் கையுறையோடதான் சொல்றீங்க.”

“ஏன்டி, இத்தனை நாளா இதைச் சொல்லாம…”

“சொன்னா என்ன ஆகியிருக்கும்? தம்பி ஜெயிச்சிருப்பான். ஜெயிச்சு என்ன செய்வான்? நீங்க விசில்ல ஜெயிச்சீங்களே, என்ன கெடைச்சுது? எனக்கு ஒரு தட்டு மிச்சம்.”

அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பீரோவைத் திறந்து கையுறைகளை எடுத்தார். விரல் நுனிகளில் கறுப்பாகக் கறை. போட்டுப் பார்த்தார், அவருக்குச் சின்னது. கழற்றினார். கண்ணை மூடினால் இப்போதும் அந்த மாடியில் அந்த மஞ்சள் கை ரெண்டு சுத்து சுத்தியது. கழற்றிப் போட்ட பிறகும் சுற்றியது. தான் பார்த்தது எதை? மச்சினனின் கை எப்படி இருந்தது? ஏதாவது காட்டியதா? அல்லது அவன் அடுத்து என்ன காட்டப் போகிறான் என்று தெரிந்த தன் கை, அது வருமுன்னே கைப்பிடியைத் தள்ளியதா? எத்தனை தோண்டியும் அந்த இடத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. கரண்டிதான் கிடைத்தது. உப்பு ஜாடிதான் கிடைத்தது.

மறுநாள் கையுறைகளைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனார். மதியம் இறங்கும்போது கொடுத்துவிடலாம். என்ன சொல்லிக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. ஏணியில் ஏறும்போது ஒன்று சொல்லிப் பார்த்தார், மேலே போனதும் அது பிடிக்கவில்லை.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஜன்னல் கண்ணாடிகள். மரச் சட்டத்தில் அடுக்கிய கண்ணாடிகளைப் பட்டைகள் போட்டுக் கட்டி முற்றத்திலிருந்து தூக்கினார். மாடி விளிம்பில் நின்று புதுசு அழகாகக் காட்டிக்கொண்டிருந்தார்: மேலே, மேலே, மேலே. சட்டம் மூன்றாவது மாடியைத் தாண்டியது.

முற்றத்தில் ஒரு மஞ்சள் தலைக்கவசம் லாரியிலிருந்து குதித்து ஓடிவந்தது. இரண்டு கைகளும் பக்கவாட்டில் முழுசாக நீண்டன. வீசின.

சுமை நின்றுவிட்டது. தான் நிறுத்தியதே அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது.

புதுசு மேலே கையை ஆட்டிக்கொண்டே இருந்தார், பிறகு கோபமாக இடுப்பில் வைத்துக்கொண்டார். வாக்கிடாக்கியில் ஒரே இரைச்சல். “யாருங்க நிறுத்தினது?” “என்னாச்சு?” “டீ வந்துருச்சா?” மேல்வீட்டுக்காரர் கண்ணாடிகளை மெல்ல, மிக மெல்ல, முற்றத்துக்கே திருப்பி இறக்கினார். ஏணியில் இறங்கினார்.

அவர் வருவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. சூப்பர்வைசர் பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டு இறுக்கமாக இருந்தது. கொக்கி சரியாக இருந்தது. சட்டம் ஒரு விரல்கூட நகரவில்லை.

“சட்டம் ஒரு பக்கமா சரிஞ்சு உக்கார்ற மாதிரி தெரிஞ்சுது சார்” என்றான் மச்சினன். அவனுக்கு மூச்சு வாங்கியது.

“எங்க உக்காந்திருக்கு, காட்டுங்க” என்றார் புதுசு. “என் சிக்னல் ஓடிட்டிருக்கு. நடுவுல இவரு யாரு?”

வெல்டர் மேல்வீட்டுக்காரரைக் கண்டதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? “வாங்க மேல்வீடு! இப்ப நீங்களே சொல்லுங்க. யாரு கண்ணுல கோளாறுன்னு நாங்க அன்னிலேர்ந்து சொல்றோமே!”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். மச்சினன் தரையைப் பார்த்தான். முழங்கையில் உரிந்த இடம் வெளுத்துத் தெரிந்தது.

“நிறுத்துன்னான், நிறுத்தினேன்” என்றார் மேல்வீட்டுக்காரர்.

“அது சரிங்க. அவன் பார்த்தது சரியா, தப்பா?”

“எனக்கென்னய்யா தெரியும்? நிறுத்துன்னான், நிறுத்தினேன். நீ போய்ச் சாப்பிடு.”

வெல்டருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கேன்டீன் பக்கம் நகர்ந்தது. சூப்பர்வைசர் மறுபடி கட்டச் சொல்லிவிட்டுப் போனார். லாரி நிழலில் இரண்டு பேர் மட்டும் மிச்சம்.

“நான் தப்பாத்தான் பார்த்துட்டேன் போல மாமா” என்றான் மச்சினன். “அன்னிலேர்ந்து எது தொங்கினாலும் விழற மாதிரியே தெரியுது. பயமா இருக்கு.”

“எனக்கும்தான்டா.”

அதைச் சொல்லிவிட்டு அவருக்கு நிற்க முடியவில்லை. பையைத் திறந்து கையுறைகளை எடுத்து அவன் கையில் வைத்தார்.

“அட, இதைத்தானே தேடிட்டு இருந்தேன். எங்க இருந்துச்சு?”

“எங்க வீட்டுல. உங்க அக்கா துவைச்சு வச்சிருக்கா.”

“எப்பலேர்ந்து?”

“அன்னிக்குக் கொடியில காஞ்சுதாம்.”

மச்சினன் கையுறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகத்தில் கணக்கு ஓடுவது தெரிந்தது. வெறுங்கையை ஒரு தடவை நீட்டிப் பார்த்தான், மடக்கினான். அவர் பக்கத்துக் கதையும் அவன் பக்கத்துக் கதையும் அந்தக் கறை படிந்த மஞ்சள் துணியில் ஒன்றாகத் தொங்கின. இருவரும் சிரித்திருக்கலாம். மச்சினனின் உதடு அந்தப் பக்கம் போகத்தான் பார்த்தது. ஆனால் நெற்றி வேறு பக்கம் போய்விட்டது.

“அப்படின்னா அன்னிக்கு வெறுங்கை” என்றான் மெதுவாக. “வெறுங்கைன்னா அந்த வெயில்ல உங்களுக்குச் சரியாத் தெரிஞ்சிருக்காது. அப்போ நான் நிறுத்துன்னு காட்டினது…”

மேல்வீட்டுக்காரருக்குள் பதில் தயாராக எழுந்து நின்றது. கையுறை போட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்த உனக்கு, அந்தக் கை என்ன காட்டியது என்பது மட்டும் எப்படித் தெரியும்? நல்ல பதில். விசிலைவிட நல்ல பதில். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அவர் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினார். தோளிலிருந்து விரல்வரை, முழுசாக. வீசினார்.

மச்சினன் பாதி வாக்கியத்தில் நின்றான்.

“என்ன மாமா, புதுசுகிட்ட கத்துக்கிட்டீங்களா?”

“யார் காட்டினாலும் நிறுத்தணும்.”

“அது சுமைக்குத்தானே?”

“இது மட்டும் என்ன பஞ்சா?”

அவன் வாயை மூடிக்கொண்டான். கஷ்டப்பட்டுத்தான் மூடினான். கையுறைகளைப் பின் பாக்கெட்டில் செருகி, மறுபடி எடுத்து, மறுபடி செருகினான்.

“துறைமுகத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லு” என்றார் அவர். “நீ மாடியில நில்லு. ஆனா ஒண்ணு. கையை முழுசா நீட்டணும். நீ முடிக்கற வரைக்கும் நான் நகத்த மாட்டேன்.”

“தோள் வலிக்குமே மாமா.”

“வலிக்கட்டும். உங்க அக்கா இன்னிக்கு மூணு தட்டு வைப்பா. வந்து சேரு.”

அவன் ராத்திரி வந்தான். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். பேச்சு இரண்டு தடவை மாடிப்பக்கம் போகப் பார்த்தது. ஒரு தடவை மனைவி கரண்டியோடு கையை நீட்டினாள். இன்னொரு தடவை அவரே நீட்டிக்கொண்டார், தனக்கே.

திங்கட்கிழமை காலை காற்று கொஞ்சம் அதிகம். கேபின் லேசாக ஆடியது. கீழே மாடியில் மச்சினன், மஞ்சள் கையுறைகளோடு. கம்பிக்கட்டு சுவரைத் தாண்டி உள்ளே வந்தது. இனி இறக்கு என்பான், அவருக்குத் தெரியும். அந்தத் தோள் சாயும் விதத்திலேயே தெரியும். வலது கை கைப்பிடியில் துடித்தது, அரித்தது, தள்ளு தள்ளு என்றது. கீழே தோள் அசைந்தது. முழங்கை நீண்டது. மணிக்கட்டு இன்னும் திரும்பவில்லை.

அவர் காத்திருந்தார்.